நூற்று எழுபத்து மூன்றாம் பெட்டி

மார்ச் 3

அண்ணிக்கு,

வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீங்கள் அண்ணனை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. உங்களை இன்னும் இப்படிக் கூப்பிடலாமா என்று யாரிடம் போய்க் கேட்பது? பெயர் சொல்லி எழுதக் கை வரவில்லை. “மதிப்பிற்குரிய அம்மையீர்” என்று தொடங்கினால் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடுவீர்கள். அதனால் பழைய வழக்கமே இருக்கட்டும். மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கும் நிறுவனத்தில் நீங்கள் வேலை பார்ப்பதாக உங்கள் தோழி சொன்னார். முகவரியும் அவர் கொடுத்ததுதான். அவரைத் திட்டாதீர்கள், நான்தான் விடாமல் கேட்டேன்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. என் புத்தகம் முடிந்துவிட்டது. பழைய கிரேக்கக் கல்லறைக் கற்களில் செதுக்கிய வரிகள் இடது பக்கம், அவற்றின் தமிழ் வலது பக்கம். நீங்கள் இருந்தபோது அதில் பாதிகூட ஆகியிருக்கவில்லை. நூலக வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து முடித்தேன். ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டது. மே எட்டாம் தேதி அச்சுக்குப் போக வேண்டும்.

முதல் அச்சுப்படி வந்தது. நீங்கள் எனக்காகச் செய்துகொடுத்த கிரேக்க எழுத்துரு எழுத்துகளைத் தின்கிறது. நடு வரியில் எழுத்து காணாமல் போகிறது, வரி முடிவில் சம்பந்தமில்லாமல் ஒரு கோடு முளைக்கிறது. சில இடத்தில் சொல்லுக்கு நடுவே ஓட்டை. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் கல்லில் தாங்கிய பெயர்கள் உங்கள் எழுத்துருவில் மூன்று வருடம் தாங்கவில்லை.

பதிப்பகத்தின் பக்க வடிவமைப்பாளர் கைவிரித்துவிட்டார். கிரேக்கத்தையே எடுத்துவிட்டுத் தமிழை மட்டும் போடலாம், அதைப் படிக்க யார் இருக்கிறார்கள் என்கிறார். எடுக்க விடமாட்டேன். இடது பக்கம் இல்லாமல் வலது பக்கம் மட்டும் வந்தால், நான் ஏதோ கற்பனை பண்ணி எழுதியது போல இருக்கும். இறந்துபோனவர்களின் பெயரை அவர்கள் எழுத்திலேயே போட வேண்டும்.

சரியான எழுத்துருவை அனுப்புங்கள். அதற்குமேல் உங்களுக்குத் தொல்லை தரமாட்டேன்.

நூலகத்துக்காரி


மார்ச் 11

கண்ணாடிக்கு,

கல்யாணத்தன்று உன் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து உனக்கு நான் வைத்த பெயர் இதுதான். அதை மாற்றுகிற உத்தேசம் எனக்கு இல்லை. நீ என்னை என்ன என்று கூப்பிடுவது என்பதை நீயே முடிவு பண்ணிக்கொள்.

என் எழுத்துரு எழுத்தைத் தின்னாது. என் மாத்திரைப் பெட்டிகளில் எறும்பளவு எழுத்தில் “குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்” என்று போடுகிறேன். அதில் ஒரு எழுத்து காணாமல் போனால் என் வேலை போய்விடும். இந்த விஷயத்தில் என் மேல் பழி போடுவதற்கு முன்னால் நீ இன்னும் ஒரு தடவை யோசித்திருக்கலாம்.

எழுத்துரு எப்படி வேலை செய்கிறது என்பது உனக்கு மறந்திருக்கும். உள்ளே இருப்பது ஓர் அட்டவணை. இருநூற்று ஐம்பத்தாறு பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். நீ ஒரு விசையைத் தட்டினால் கணினிக்குப் போவது எண் மட்டும்தான். அந்த எண்ணுள்ள பெட்டியில் நான் என்ன வரைந்து வைத்திருக்கிறேனோ அது திரையில் வரும். மேலே மூச்சுக்குறியும் அழுத்தக்குறியும் சுமந்துகொண்டு, கீழே இன்னொரு குட்டி எழுத்தையும் தொங்கவிட்டுக்கொண்டு வரும் அந்த உயிரெழுத்துகளை எல்லாம் ஒவ்வொரு பெட்டியாக உட்கார வைத்தது நான்தான். ஒவ்வொன்றின் வளைவும் எனக்குத் தெரியும். எதற்கு என்ன ஒலி என்பதுதான் இன்றுவரை தெரியாது.

இப்போது உன்னிடம் இருக்கும் எழுத்துருக் கோப்பையே ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்பு. நல்ல பக்கங்கள் வேண்டாம், கெட்டுப்போன பக்கங்களை அச்செடுத்து அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

போன் பண்ணாதே. உன் குரல் உன் அண்ணன் குரல் மாதிரியே இருக்கும், பாதிப் பேச்சில் எனக்குக் கோபம் வந்துவிடும்.

அண்ணி (நீ இன்னும் முடிவு பண்ணவில்லை என்றால்)


மார்ச் 16

அண்ணிக்கு,

எழுத்துருவும் பக்கங்களும் இத்துடன் இருக்கின்றன. பென் டிரைவைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன், பஞ்சோடு குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பக்கங்களை வரிசையாக அடுக்கியபோது ஒன்றைக் கவனித்தேன். எல்லா அத்தியாயமும் கெடவில்லை. மிகப் பழைய கற்கள் இருக்கும் கடைசிப் பகுதிதான் கெட்டிருக்கிறது. வீட்டுக் கணினியில் இதே பக்கங்கள் ஒரு குறையும் இல்லாமல் தெரிந்தன. வடிவமைப்பாளரின் மென்பொருளில் போட்ட பிறகுதான் இந்தக் கூத்து. அதனால் அவர் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. நேரில் போய்க் கேட்டேன். என் கண்ணைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பதில் சொன்னார்.

ஒரு மாதிரிக்கு முதல் தாளைப் பாருங்கள். கப்பல் கவிழ்ந்து இறந்த ஒருவனுக்கு அவனுடைய சகோதரி நிறுத்திய கல். அவன் பெயரின் முதல் எழுத்து இல்லை. தமிழ்ப் பக்கத்தில் முழுப் பெயர், கிரேக்கப் பக்கத்தில் மொட்டைப் பெயர். அந்தப் பெண் பார்த்தால் என்னை விடுவாளா?

பதிப்பகத்திலிருந்து மறுபடி போன் வந்தது. கிரேக்கம் இல்லாத பதிப்பு ஒன்றையும் தயாராக வைத்திருக்கிறார்களாம். எட்டாம் தேதி எது தயாரோ அது அச்சேறுமாம். போனை வைத்துவிட்டு நேராக அங்கே போனேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வடிவமைப்பாளர் மேசைக்கு எதிரே சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

கண்ணாடி


மார்ச் 27

கண்ணாடிக்கு,

இந்த எழுத்துருவில் யார் கை வைத்தது?

திருத்தும் மென்பொருளில் திறந்தேன். என் பெட்டிகள் எல்லாம் போட்டது போட்டபடி இருக்கின்றன. ஆனால் நூற்று அறுபதாம் பெட்டியிலும் நூற்று எழுபத்து மூன்றாம் பெட்டியிலும் நான் வரையாத இரண்டு எழுத்துகள் குடியேறியிருக்கின்றன. பழைய கிரேக்க எழுத்துப் படம் ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஒன்று கோப்பா, இன்னொன்று டிகம்மா. இரண்டுமே மிகப் பழைய கற்களில் மட்டும் வருகிறவை. நான் செய்து கொடுத்தபோது நீ இவற்றைக் கேட்கவே இல்லை.

அந்த இரண்டு பெட்டிகளும் பார்க்கக் காலியாக இருக்கும். காலி இல்லை. அங்கே குடியிருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள். நூற்று அறுபது, இரண்டு சொல் பிரியாமல் இருக்கப் போடும் இடைவெளி. நூற்று எழுபத்து மூன்று, நீளமான சொல்லை வரி முடிவில் உடைப்பதற்கான கோடு, வரி முடிந்தால் தெரியும், நடுவில் மறைந்துகொள்ளும். உன் வீட்டுக் கணினியில் இருக்கும் பழைய மென்பொருளுக்கு இந்த விதி தெரியாது. பெட்டியில் என்ன படம் இருந்ததோ அதைக் காட்டிவிட்டது. பதிப்பகத்து மென்பொருளுக்கு விதி தெரியும். அது உன் டிகம்மாவை மறைத்துவிட்டது, கோப்பாவை வெறும் இடமாக்கிவிட்டது. அதன் மேல் குற்றமில்லை.

டிகம்மாவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் காமாவை நகலெடுத்து அதில் இன்னொரு கோட்டை ஒட்டியிருக்கிறாய். கோட்டின் தடிமன் சரியில்லை, நுனி மொண்ணை. ஆனால் இரண்டு கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டுமோ அவ்வளவு விட்டிருக்கிறாய். அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

என்னிடம் ஏன் கேட்கவில்லை? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அடுத்த பெட்டியில் வைத்துத் தந்திருப்பேன். ஆனால் நீ கேட்கமாட்டாய். பெரியவர்கள் எல்லோரும் கூடி, வெளியூரில் இந்த லேபிள் வேலையை நான் ஏற்றுக்கொண்டது எவ்வளவு பெரிய தப்பு என்று ஆளுக்கொன்றாகச் சொன்னபோது, நீ மடியில் இருந்த தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாய். அந்த எழுத்தெல்லாம் நான் வரைந்தது. அதைப் பார்க்கிறவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். உன் அண்ணன் பேசியதை நான் மறந்துவிட்டேன். நீ பேசாததுதான் இன்னும் உறுத்துகிறது.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

கை வைத்தது நான்தான். ஒளிக்க என்ன இருக்கிறது.

என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று கேட்கிறீர்கள். நீங்கள் போன மறுவாரமே பழைய கற்களின் படங்கள் வந்தன. அந்த இரண்டு எழுத்து இல்லாமல் ஒரு கல்லைக்கூடத் தட்ட முடியவில்லை. உங்களுக்கு போன் பண்ணினேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அண்ணனிடம் எண்ணை மறைத்தீர்கள், சரி. என்னிடமும் மறைத்தீர்கள். நான் நூலகத்திலிருந்து திரும்பி வந்தபோது உங்கள் அலமாரி காலியாக இருந்தது. போகிறேன் என்று ஒரு துண்டுத்தாள் கூட எனக்கு வைக்கவில்லை. நான் பேசவில்லை என்று உங்களுக்கு வருத்தம். நீங்களும்தான் சொல்லாமல் போனீர்கள்.

அதனால் அந்த மென்பொருளை நானே திறந்து உட்கார்ந்தேன். முதல் நாள் உங்கள் ஆல்ஃபாவைச் சிதைத்தேன், திரும்ப ஒட்டவைப்பதற்குள் கண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் கற்றுக்கொண்டேன். காலியாகத் தெரிந்த இடத்தில் வைத்தேன். அங்கே ஆவி குடியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கடிதத்தோடு வடிவமைப்பாளரிடம் போனேன். நான் கொடுத்த மூலக் கோப்பைக் கேட்டேன். அப்போதுதான் கண்ணைப் பார்க்காததன் காரணம் வெளியே வந்தது. தேவையில்லாத கோடுகளையும் விசேஷ இடைவெளிகளையும் துடைத்துச் சுத்தம் செய்வது அவருடைய வழக்கமாம். முதல் அச்சுப்படி எடுத்த பிறகு, அவரிடம் கொடுத்த என் பென் டிரைவில் இருந்த கோப்பின் மேலேயே சுத்தம் செய்து, அதன் மேலேயே சேமித்துவிட்டார். என் வீட்டுக் கணினியோ ஜனவரியில் செத்துவிட்டது. நான் தட்டிய டிகம்மா ஒன்றுகூட இப்போது உலகத்தில் இல்லை. கோப்பாக்கள் எல்லாம் சாதாரண இடைவெளி ஆகிவிட்டன. எது எழுத்து இருந்த இடம், எது சொல்லுக்கு நடுவே விட்ட இடம் என்று எந்த மென்பொருளாலும் இனிச் சொல்ல முடியாது.

ஆனால் கற்களின் படங்கள் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லையும் எடுத்து, எழுத்து எழுத்தாக அச்சுப்படியோடு ஒத்துப்பார்த்து, விட்டுப்போனதை நூலகக் கணினியில் மறுபடி போடப்போகிறேன். ஒரு பகுதி முழுக்க அப்படித்தான். நூலகத்தில் விடுப்புக் கேட்டேன், தினமும் அரை நாள் கிடைத்தது. வடிவமைப்பாளர் இது நடக்கிற காரியமா என்றார். அது என் கவலை, உங்கள் கவலை எட்டாம் தேதி என்று சொல்லிவிட்டேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த இரண்டு எழுத்துக்கும் ஆவி இல்லாத வீடு பார்த்துக் கொடுங்கள்.

கண்ணாடி


ஏப்ரல் 10

கண்ணாடிக்கு,

வீடு பார்த்தாகிவிட்டது. புது எழுத்துரு இந்தப் பென் டிரைவில் இருக்கிறது. இருநூற்று ஐம்பத்தாறு பெட்டிக்குள் இடித்துப்பிடித்து உட்காருகிற வேலையே இனி வேண்டாம். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுத்து வைத்திருக்கும் பொது அட்டவணை இருக்கிறது அல்லவா, அதில் உன் டிகம்மாவுக்கும் கோப்பாவுக்கும் சொந்த எண்ணே உண்டு. என் எழுத்துகள் அத்தனையையும் பழைய பெட்டியிலிருந்து எடுத்து அந்தந்த எண்ணில் வைத்துவிட்டேன். கெடாத அத்தியாயங்களை மாற்றுவதற்கான மாற்றுப் பட்டியலும் கூட இருக்கிறது. அதை வடிவமைப்பாளர் ஒரே அமுக்கில் ஓட்டிக்கொள்வார். இனி எந்த மென்பொருளும் இவர்களைக் கோடு என்றோ வெற்றிடம் என்றோ நினைக்காது.

உன் டிகம்மாவை நுனி மட்டும் சீவித் தடிமனைச் சரி பண்ணினேன். மற்றபடி அது நீ வரைந்ததுதான். கோப்பாவை மட்டும் முழுதாக மாற்றினேன். அது பல்பு மாதிரி இருந்தது.

சொல்லாமல் போன விஷயம். நான் வீட்டை விட்டு வந்த அன்று உன் அறை வாசல் வரைக்கும் வந்தேன். உன் மேசை மேல் என் எழுத்தில் அடித்த தாள்கள் இருந்தன. ஏதாவது எழுதி வைக்கலாம் என்று பேனாவைத் திறந்தேன். என்ன எழுதினாலும் நீ அதை அண்ணனிடம் காட்ட வேண்டிவரும், நடுவில் மாட்டிக்கொள்வாய் என்று மூடிவிட்டேன். அது சரியா தப்பா என்று இன்னும் தெரியாது. நீ திட்டியது நியாயம்தான்.

இப்போது வேலைக்கு வா. கற்களின் படங்களில் பாதியை எனக்கு அனுப்பு. எனக்குக் கிரேக்கம் தெரியாது என்று சொல்லாதே. வாசிக்கிறவள் பொருளைப் பார்த்துக்கொண்டே போய், இல்லாத எழுத்தையும் இருப்பதாக நினைத்துக்கொள்வாள். எனக்கு வடிவம் மட்டும்தான் தெரியும், அதனால் என்னை ஏமாற்ற முடியாது. கல்லில் என்ன இருக்கிறதோ அதுதான் தாளில் வரும். சாப்பாட்டு இடைவேளையிலும் வீட்டுக்குப் போன பிறகும் பார்க்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 24

அண்ணிக்கு,

நீங்கள் முடித்து அனுப்பிய முதல் கட்டைச் சோதித்துப் பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே உட்கார்ந்தேன், முடியவில்லை. ஓர் இடத்தில் கல் உடைந்த விரிசலை எழுத்து என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஒன்றுதான். கப்பல்காரனுக்கு அவன் பெயர் முழுதாகத் திரும்பிவிட்டது. அந்தப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எந்தச் சுவரில் என்று சொல்ல வேண்டும். நான் வீடு மாறிவிட்டேன்.

உங்கள் இரண்டாவது பொதி வந்தபோது நான் நூலகத்தில் இருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கியது அண்ணன். மேலே உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. நான் போனபோது பொதி பிரிக்காமல் சாப்பாட்டு மேசை நடுவில் இருந்தது, அவன் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “இந்த வீட்ல இருந்துகிட்டு அவளுக்கு எழுதாத. எனக்குத் தாங்கல” என்றான். புத்தகத்துக்காக வேறு யாரையாவது வைத்துக்கொள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எனக்கு அவன் மேல் பாசம் இல்லை என்று நினைக்காதீர்கள்.

வழக்கம்போலத் தலையைக் குனிந்து பொதியைப் பார்த்தேன். அதை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடலாம், அவனும் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்கமாட்டான், வேலையும் திருட்டுத்தனமாக நடந்திருக்கும். அப்படிச் செய்யப் பிடிக்கவில்லை. நிமிர்ந்து சொன்னேன்.

“அண்ணா, உனக்கும் அவங்களுக்கும் முடிஞ்சுபோச்சு, சரி. எனக்கும் அவங்களுக்கும் முடியல.”

 அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே என்றான். கோபத்தில் சொன்னானா வருத்தத்தில் சொன்னானா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருக்க வேண்டும்தான் என்றேன். மறுநாள் நூலகத்துக்குப் பின்தெருவில் ஓர் அறை பார்த்தேன். பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றியது அண்ணன்தான். உங்கள் பொதியை மட்டும் தொடவில்லை, அதை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அறையில் மேசை கிடையாது. படங்களைத் தரையில் பரப்பி, குப்புறப் படுத்துக்கொண்டு பார்க்கிறேன். முழங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது. என் பங்கில் இன்னும் ஒரு பெரிய கட்டு பாக்கி இருக்கிறது. வடிவமைப்பாளர் நேற்று வந்து, கிரேக்கம் இல்லாத பதிப்பின் அட்டையைக் காட்டி, அழகாக இருக்கிறதா என்று கேட்டார். அழகாகத்தான் இருக்கிறது, உங்கள் வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். எட்டாம் தேதிக்குள் எப்படி முடிக்கப்போகிறேன் என்று தெரியவில்லை. முடிக்காமல் விடப்போவதில்லை.

கண்ணாடி


ஏப்ரல் 30

கண்ணாடிக்கு,

கடிதத்தை அலுவலகத்தில் பிரித்திருக்கக் கூடாது. கழிப்பறையில் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். பக்கத்து மேசைக்காரி யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். ஆமாம், நிறையப் பேர், எல்லோரும் கிரேக்கர்கள் என்றேன்.

என் பங்கு முடிந்துவிட்டது. விரிசலைத் திருத்திவிட்டேன். மேலதிகாரியிடம் எட்டாம் தேதி வரைக்கும் விடுப்புச் சொல்லியிருக்கிறேன், கேட்கவில்லை, சொன்னேன். மே நான்காம் தேதி காலைப் பேருந்தில் நான் வந்து இறங்குவேன். நான் வருவதற்குள் எங்காவது ஒரு மேசை வாங்கி வை, குப்புறப் படுத்து வேலை பார்க்கிற வயது எனக்கு இல்லை. உன் பங்கில் மிச்சம் இருப்பதை இரண்டாகப் பிரி. நீ வாசித்துக்கொண்டே வா, நான் வடிவத்தைப் பார்க்கிறேன்.

எட்டாம் தேதி காலையில் பதிப்பகத்துக்கு இரண்டு பேருமே போகிறோம். அந்த வடிவமைப்பாளர் கோப்பைத் திறந்து, புது எழுத்துருவைப் போட்டு, கடைசிக் கல் வரைக்கும் நம் கண் முன்னால் ஓட்டிக் காட்டட்டும். சுத்தம் செய்கிற பொத்தானை அன்று அவர் தொடக்கூடாது. ஏதாவது சாக்குச் சொன்னால் நீ வாயைத் திறக்க வேண்டாம். நீ பேச வேண்டியதைப் பேசிவிட்டாய், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அண்ணி